பத்தியம் தேவையில்லை

மரியே வாழ்க

பெங்களூர்
12.2.1984

அன்புள்ள ஆனிக்கு,

தேவதாயின் தயவில் நீயும் ஜெசிந்தாவும் விளாங்குடியில் சுகமாக இருப்பீர்கள். இங்கே என் சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றிலிருந்து அது கொஞ்சம் கூடுதலாகவே ஆகிவிட்டது. காரணத்தைச் சொல்கிறேன், கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் படி.

நம் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! கல்கத்தா ஆய்விதழின் ஆசிரியர் தன் கைப்பட இரண்டு வரி பாராட்டியும் எழுதியிருக்கிறார். கீழாநெல்லியை வெயிலில் காயப்போட்டால் சருகாகிச் சத்துப் போய்விடுகிறது, பழைய ரேடார் குழாயால் நான் செய்த மைக்ரோவேவ் பெட்டியில் வைத்தால் சில நிமிடங்களில் பச்சை மாறாமல் உலர்ந்துவிடும் என்று நான் முதலில் சொன்னபோது எங்கள் டைரக்டர் என்ன கேட்டார், நினைவிருக்கிறதா? "ரேடார் குழாயை வைத்துக்கொண்டு கீரையா வதக்குகிறாய்?" என்றார். அதே மனிதர் நேற்று எல்லாரையும் கூட்டிவைத்து என் முதுகில் தட்டினார். நான் அனுப்பிய பொடியால் உன் கல்லூரி எலிகளுக்குக் காமாலை இறங்கியது என்று நீ எழுதிய பகுதிதான் ஆசிரியருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆகவே அந்தத் தட்டில் பாதி உன் முதுகுக்கு. வரும்போது கொண்டுவருகிறேன்.

இனிதான் முக்கியமான சேதி. கட்டுரை அச்சில் வந்துவிட்டால் ஜூன் மாதம் எனக்கு வேலை நிரந்தரம், குவார்ட்டர்ஸும் உண்டு என்று டைரக்டர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு அறை, பின்னால் கொஞ்சம் தோட்டம். பக்கத்திலேயே கன்னியர் நடத்தும் பள்ளிக்கூடம் இருக்கிறது, ஜெசிந்தாவுக்கு இடம் கேட்டு வைத்திருக்கிறேன். நமக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறுமா, ஆனி? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பது எனக்கு அலுத்துவிட்டது. உனக்கும்தான்.

பம்பாய்க் கம்பெனி ஒன்று நம் பொடியைக் கோடைக்குள் கடைக்குக் கொண்டுவரத் துடிக்கிறது. டப்பாவின்மேல் 'பத்தியம் தேவையில்லை' என்று பெரிதாகப் போடப்போகிறார்கள். அது என் யோசனை. எலிகள் எல்லாம் வழக்கமான தீனியே தின்றன என்று கட்டுரையில் எழுதியிருக்கிறோமே, அதைப் படித்துக் காட்டினேன், பிடித்துக்கொண்டார்கள். காமாலை வந்தவன் உப்பும் எண்ணெயும் இல்லாமல் நாக்குச் செத்துக் கிடக்க வேண்டாம் என்றால் யார் வாங்கமாட்டார்கள்? சமயநல்லூரில் அம்மாவுக்கும் சில டப்பா அனுப்பியிருக்கிறேன். தம்பி தனிஸ்லாஸ் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடமெல்லாம் என் புராணம்தான் பாடுகிறானாம்.

அச்சுப் படி உனக்கும் ஒன்று வரும். பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. பிள்ளைக்கு முத்தம்.

உன்,
லூர்துராஜ்


மரியே வாழ்க

விளாங்குடி
19.2.1984

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கரண்டியைக் கீழே வைத்ததுதான், குழம்பு அடிப்பிடித்துவிட்டது. அதையே சாப்பிட்டோம், இனித்தது. ஜெசிந்தா பெங்களூரில் மாதா கோயில் இருக்கிறதா, ஜவ்வுமிட்டாய் விற்கிறார்களா என்று இரண்டு கேள்வி கேட்டாள். முதல் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரிந்தது. ஒரு சின்ன மனத்தாங்கல்: டைரக்டருக்கு ஒரு பாரா, கம்பெனிக்கு ஒரு பாரா கொடுத்தவர், போன வாரம் எனக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தேனே, அதை விசாரிக்க ஒரு வரி எழுதக்கூடாதா?

இந்தக் கடிதத்தை இதோடு முடித்திருக்கலாம் என்று ஆசையாக இருக்கிறது. முடியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், பதறாமல் படியுங்கள்.

வெள்ளிக்கிழமை கல்லூரியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தேன். எலிக் கூண்டுகளைப் பார்த்துக்கொள்ளும் காளைக்கும் கொடுத்து, நம் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"அப்ப நான் வச்ச மோர்ச்சோறு வீண் போகலைன்னு சொல்லுங்க டீச்சர்" என்றான்.

"எந்த மோர்ச்சோறு?"

"பொடி குடிக்கிற எலிகளுக்கு வைக்கிறதுதான். உப்பில்லாம, எண்ணெ வாடையே படாம. காமாலைக்கு மருந்து குடுத்துட்டுப் புண்ணாக்கைத் திங்கவிட்டா மருந்து எப்பிடிக் கேக்கும்?"

"மத்த எலிகளுக்கு?"

"அதுகளுக்குத்தான் மருந்தே இல்லையே, பத்தியம் எதுக்கு? எப்பயும் போலப் புண்ணாக்கு, அப்புறம் ஆஸ்டல்ல மிஞ்சுற வடை. அம்புட்டுத்தான்."

"இப்படி வைக்கச் சொல்லி உன்னிடம் யார் சொன்னது?"

"இதைப் போயி யாராச்சும் சொல்லணுமாக்கும்?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அத்தான். அந்த மோர்ச் சட்டி கூண்டுக்குப் பக்கத்தில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. தினமும் நான் அதைத் தாண்டித்தான் போனேன், வந்தேன். காமாலை இருக்கும் இடத்தில் மோர் இருந்தால் நம் ஊரில் யாருக்குக் கண்ணை உறுத்தும்? பொங்கலுக்கு வந்தபோது நீங்களும் பார்த்தீர்கள். "உன் எலிகளுக்கு மோரெல்லாம் கிடைக்கிறது, எனக்கு மெஸ்ஸில் கிடைப்பதில்லை" என்று வேடிக்கைகூடப் பேசினீர்கள்.

இரண்டு கூட்டத்துக்கும் ஒரே தீனி என்று எழுதியிருக்கிறோம். அது உண்மையில்லை. எலிகள் பொடியால் தேறினவா, பத்தியத்தால் தேறினவா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நாளையே மறுபடி தொடங்குகிறேன். அதுவரை கட்டுரையை நிறுத்திவைக்கும்படி ஆசிரியருக்கு எழுதுங்கள். கம்பெனிக்காரரிடமும் சொல்லுங்கள்.

அன்பு மனைவி,
ஆனிமேரி


மரியே வாழ்க

பெங்களூர்
24.2.1984

அன்புள்ள ஆனிக்கு,

காய்ச்சலை விசாரிக்காதது தப்புத்தான், மன்னித்துக்கொள். இப்போது தேவலையா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன். காளைக்குப் பத்தியம் தெரிந்திருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விஞ்ஞானம் படித்த நீ இப்படி அலறுவதுதான் அதிசயம். எலி என்ன, தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையா, ஒரு வடை கூடத் தின்றால் வயிறு கெட்டுப் படுத்துக்கொள்ள? நீதான் மருந்து கொடுத்து அவற்றின் ஈரலைக் கெடுத்தாய். அதைச் சரியாக்கியது பொடி. நடுவில் ஒரு கரண்டி மோர் என்ன பெரிய காரியத்தைச் சாதித்துவிடப்போகிறது?

'வழக்கமான தீனி' என்று எழுதியதில் பொய்யும் கிடையாது. காமாலை கண்டவருக்கு மோர்ச்சோறு நம் ஊர் வழக்கம்தானே! இதை நான் விளையாட்டுக்குச் சொல்வதாக நினைக்காதே, ஆசிரியர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

மறுபடி செய்து பார்க்கிறாயா, தாராளமாகச் செய். அதே முடிவுதான் வரும். வந்ததும் உன் மனது சமாதானமாகிவிடும். ஆனால் அதற்காகக் கட்டுரையை நிறுத்தச் சொல்வது நடக்காத காரியம். இங்கே என்னைப் போல இன்னும் இருவர் அந்த ஒரு வேலைக்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். நான் ஒரு அடி பின்வாங்கினால் டைரக்டர் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிவிடுவார். அப்புறம் ஜூன் என்ன, எந்த மாதமும் கிடையாது.

ஆகையால் வேறு யாரிடமும் இதைப் பற்றி மூச்சு விடாதே. காளையிடமும் பேச்சை வளர்க்காதே. அச்சுப் படி வந்திருக்கும். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்,
லூர்துராஜ்


மரியே வாழ்க

விளாங்குடி
18.3.1984

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொண்டிருப்பீர்கள். எலிகள் முடிவு சொல்லாமல் நான் என்ன எழுதுவது? இப்போது சொல்லிவிட்டன.

இந்தத் தடவை எல்லாக் கூண்டுக்கும் நானே தீனி வைத்தேன். ஒரு பக்கத்துக் கூண்டுகளில் எல்லாருக்கும் புண்ணாக்கு. அங்கே பொடி குடித்த எலியும் குடிக்காத எலியும் ஒன்றுபோலச் சுருண்டு கிடந்தன. இரத்தத்தைச் சோதித்தாலும் வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கத்தில் எல்லாருக்கும் மோர்ச்சோறு. அங்கே பொடி குடித்ததும் குடிக்காததும் ஒன்றுபோலத் தேறின. நாம் இவ்வளவு நாளும் மோரைத்தான் ஆராய்ச்சி செய்திருக்கிறோம், அத்தான். சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது.

உங்கள் பெட்டியை நான் குறை சொல்லவில்லை. அது செடியை அருமையாக உலர்த்துகிறது, அதில் பொய்யே இல்லை. அதை மட்டும் தனியாக ஒரு கட்டுரையாக எழுதுங்கள். ஆனால் உலர்ந்த பொடி காமாலையைக் குணமாக்குகிறது என்று சொல்ல நம்மிடம் ஒன்றும் கிடையாது. 'பத்தியம் தேவையில்லை' என்று சொல்லவோ வாயே இல்லை. வெயில் ஏறிவிட்டது. ஒத்தக்கடைப் பக்கம் குடிதண்ணீர் கெட்டுப்போய் வீட்டுக்கு வீடு காமாலை என்கிறார்கள். அவர்கள் அந்த டப்பாவை வாங்கினால் என்ன செய்வார்கள்? பத்தியத்தை விட்டுவிடுவார்கள், டாக்டரிடமும் போகமாட்டார்கள். வேறு ஒன்றும் இல்லாதவர்களுக்கு அந்த மோர்ச்சோறாவது இருந்தது. அதையும் நாம் பிடுங்கிக்கொள்ளப்போகிறோம்.

அச்சுப் படி மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. போட முடியாது.

ஜூன் மாதத்தை மறந்துவிட்டு இதை எழுதுவதாக நினைக்காதீர்கள். அந்தத் தோட்டத்தில் என்ன வைக்கலாம் என்று நானும் ஜெசிந்தாவும் பேசிவைத்திருந்தோம். எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நீங்களே ஆசிரியருக்கு எழுதிவிடுங்கள். எழுதிவிட்டு வாருங்கள், அப்புறம் என்ன வந்தாலும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அன்பு மனைவி,
ஆனிமேரி


பெங்களூர்
23.3.1984

ஆனிமேரிக்கு,

நீ கையெழுத்துப் போட வேண்டாம். உன் பெயரைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். என் பெயரும் டைரக்டர் பெயரும் இருக்கும். எலிகள் தொடர்பான உதவிக்கு நன்றி என்று கடைசியில் ஒரு வரி உனக்காகச் சேர்த்திருக்கிறேன். இனிமேல் இதில் உனக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவும் அவசியமிருக்காது.

புதிதாகச் செய்ததில் எத்தனை எலி? முதலில் செய்ததில் எத்தனை? நாலு கூண்டை வைத்துக்கொண்டு என் ஐந்து வருஷ உழைப்பைக் குப்பையில் போடச் சொல்கிறாய். பழைய ரேடாரிலிருந்து கழற்றிப்போட்ட குழாயை எடுத்து, கையைச் சுட்டுக்கொண்டு, ஒவ்வொரு தகடாக நான் வளைத்துச் செய்த பெட்டி அது. நீ ஈரச் சாக்கில் கட்டி பஸ்ஸில் போட்டுவிட்ட செடியை விடிவதற்கு முன்னால் போய் நின்று வாங்கி வந்தவன் நான்.

உண்மையைச் சொல், ஆனி. உனக்குப் பெங்களூர் வர இஷ்டமில்லை. உன் கல்லூரி, உன் கூண்டுகள், டீச்சர் டீச்சர் என்று சுற்றிவரும் நாலு பேர், இதை விட்டுவர உனக்கு மனமில்லை. அதை நேராகச் சொல்ல வாய் வராமல் எலிகளைவிட்டுச் சொல்ல வைக்கிறாய். மற்ற வீட்டுப் பெண்கள் புருஷன் ஏறுவதற்கு ஏணியைப் பிடிப்பார்கள். நீ அடியில் உட்கார்ந்து ஆணியைப் பிடுங்குகிறாய்.

ஜெசிந்தாவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. அவளிடம் என்ன சொல்வதென்று நீயே யோசித்துக்கொள்.

லூர்துராஜ்


எக்ஸ்பிரஸ் டெலிவரி

விளாங்குடி
31.3.1984

அத்தான்,

உங்கள் கடிதத்துக்குப் பதில் பிறகு. இது வேறு அவசரம்.

தம்பி தனிஸ்லாஸுக்குக் காமாலை. இன்றைக்குத்தான் எனக்குத் தெரியும், கல்லூரி முடிந்து நேரே சமயநல்லூர் போனேன். பத்து நாளாகவே இருந்திருக்கிறது. கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு மாதிரி ஆகிவிட்டது, உள்ளங்கைகூட மஞ்சள். வாந்தி நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்துவிடுகிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

முதல் நாளிலிருந்தே உங்கள் பொடியைக் குடிக்கிறார். பொடி இருக்கும்போது ஆஸ்பத்திரி எதற்கு என்று யாரும் அழைத்துப் போகவில்லை. டப்பாவில் உங்கள் கையெழுத்தில் எழுதியிருக்கிறதாம், எதையும் சாப்பிடலாம் என்று. படுக்கும் நாள்வரை கடைக்குப் போய்க்கொண்டு, ராத்திரிக்கு ரோட்டுக்கடைப் பரோட்டாவும் சால்னாவும்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கறி ஆகாது என்று சால்னாவுக்குப் பதில் ஆம்லெட் சாப்பிட்டதாக அத்தை பெருமையாகச் சொன்னார்கள்.

பொடியை நிறுத்துங்கள், வண்டி பிடிக்கிறேன், பெரியாஸ்பத்திரிக்குப் போவோம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அத்தை அசையவில்லை.

"எம் மகன் கண்டுபுடிச்ச மருந்து. அவன் பாதியில நிறுத்தச் சொன்னானா? நீ எலிக்கு வைத்தியம் பாக்குறவ தாயி, நீ சும்மா இரு" என்றார்கள்.

நமக்குள் சண்டை என்பது வேறு அவர்கள் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. அதனால் நான் எதைச் சொன்னாலும் உங்கள்மேல் உள்ள கோபத்தில் சொல்வதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து மில்லில் போய் உங்களுக்கு டிரங்க் கால் கேட்டேன், லைன் கிடைக்கவில்லை. தந்தியில் இத்தனையும் சொல்ல முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பேச்சு அங்கே எடுபடாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொடியைத் தொடரலாமா, நிறுத்தலாமா? அத்தை பெயருக்கே தந்தி அடியுங்கள். நீங்கள் எது சொன்னாலும் கேட்பார்கள்.

ஆனிமேரி


தந்தி

பெங்களூர், 2.4.1984

ஞானம் அம்மாள், சமயநல்லூர்

பொடி உடனே நிறுத்து. பரோட்டா கறி கூடாது. மோர்ச்சோறு மட்டும். இன்றே பெரியாஸ்பத்திரி. ஆனி சொல்படி செய்.

லூர்து


மரியே வாழ்க

விளாங்குடி
8.4.1984

அன்புள்ள அத்தானுக்கு,

தம்பி பிழைத்துக்கொண்டார். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

தந்தி வந்த அரைமணி நேரத்தில் அத்தையே முன்னால் நின்று வண்டி பிடித்துவிட்டார்கள். இரண்டு நாள் நினைவே இல்லை. ஈரல் மிகவும் வீங்கிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வியாழக்கிழமை கண் திறந்து தண்ணீர் கேட்டார். நேற்று என்னைப் பார்த்து, "மதினி, உங்க எலிக மாதிரி என்னையும் கூண்டுக்குள்ள போட்டுட்டீகளே" என்றார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது. இன்னும் பல நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதியவற்றில் பல என்னைக் குத்தின. ஏணி, ஆணி எல்லாம் எழுதினீர்கள். பரவாயில்லை, குத்துகிறவருக்கும் அப்போது கை வலித்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். நன்றி என்று ஒரு வரி போட்டீர்களே, அதுமட்டும் பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தத் தந்தியை நான் மறக்க முடியாது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். உங்கள் தம்பிக்கு வந்ததும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. பொடியை நிறுத்து என்றீர்கள். மோர்ச்சோறு மட்டும் என்றீர்கள். என் எலிகள் சொன்னதை ஒரு சொல் குறையாமல் நீங்களும் சொல்லிவிட்டீர்கள். அப்படியென்றால் நான் எழுதியதை நீங்கள் முதல் நாளே நம்பியிருக்கிறீர்கள். நம்பிக்கொண்டே என்னைத் திட்டினீர்கள்.

சமயநல்லூருக்கு ஒரு மருந்து, ஊருக்கு ஒரு மருந்தா, அத்தான்? டப்பா கடைக்கு வந்தால் வாங்குகிற வீட்டில் எல்லாம் தந்தி அடிக்க ஒரு அண்ணன் இருப்பானா?

நான் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. நான் எழுதினால் புருஷன்மேல் பெண்டாட்டி புகார் சொன்னதாகிவிடும். நீங்களே எழுதினால் கௌரவமாக இருக்கும். எழுதுங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அன்பு மனைவி,
ஆனிமேரி


பெங்களூர்
13.4.1984

அன்புள்ள ஆனிக்கு,

தம்பியை நீ பார்த்துக்கொண்டதற்கு நான் என்ன சொல்வது? அம்மா சார்பிலும் என் சார்பிலும் கடன்பட்டிருக்கிறேன்.

தந்தியைப் பிடித்துக்கொண்டு என்னைக் குறுக்கு விசாரணை செய்யாதே. அது தம்பி கிடக்கிறான் என்ற பதற்றத்தில் அடித்தது. உயிர் ஊசலாடும்போது யாரும் எந்த மருந்தையும் பரீட்சை பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். அதனாலேயே மருந்து பொய் என்று ஆகிவிடாது. தொடக்கத்திலேயே குடிக்கும் லேசான காமாலைக்கு இது கேட்கக்கூடும்.

கட்டுரை அடுத்த இதழில் வருகிறது. கம்பெனி டப்பாக்களை அச்சடித்துவிட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, ஆனி. இப்போது நான் எழுதினால் என்னை இங்கே தொழுநோயாளியைப் போலப் பார்ப்பார்கள். வேலை நிரந்தரமானதும் நானே நிதானமாக ஒரு திருத்தம் எழுதுகிறேன். சத்தியமாக எழுதுகிறேன். ஜூன் வரை பொறுத்துக்கொள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

உன்,
லூர்துராஜ்


விளாங்குடி
17.4.1984

அன்புள்ள அத்தானுக்கு,

ஜூன் வரை காமாலை பொறுத்துக்கொண்டிருக்காது.

கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஈஸ்டர் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, தபாலில் போட்டுவிடுவேன். அதற்குள் நீங்கள் எழுதிவிட்டால் ஒரு வரி தெரிவியுங்கள், என்னுடையதை அடுப்பில் போட்டுவிடுகிறேன். அதில் உங்கள் தந்தியைப் பற்றியோ தம்பியைப் பற்றியோ ஒன்றும் இல்லை, எலிகளுக்கு என்ன தீனி வைத்தோம் என்பது மட்டும்தான் இருக்கிறது. உங்களைத் தண்டிக்க அதை எழுதவில்லை.

எனக்குப் பெங்களூர் வர இஷ்டமில்லை என்றீர்களே, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். ஜெசிந்தா தூங்கிய பிறகு அந்த வீட்டுக்குள் நடந்து பார்க்காத நாள் கிடையாது. அடுக்களை எந்தப் பக்கம் என்றுகூட நானே முடிவு செய்து வைத்திருந்தேன். எனக்கு உங்களோடு இருக்க வேண்டும். இருந்தாலும் திங்கட்கிழமை போடத்தான் போகிறேன்.

ஆனிமேரி


பெங்களூர்
22.4.1984, ஈஸ்டர் ஞாயிறு

ஆனிக்கு,

நாளை நீ தபாலில் போட்டாலும் பரவாயில்லை, போடாவிட்டாலும் பரவாயில்லை. என்னுடையது நேற்றே கல்கத்தாவுக்குப் போய்விட்டது. தீனியைப் பற்றிய வரி தவறு, கட்டுரையை நிறுத்துங்கள், அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று எழுதியிருக்கிறேன். கம்பெனிக்கும் டைரக்டருக்கும் ஒவ்வொரு பிரதி. டைரக்டர் படித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜூன் மாதத்தைப் பற்றி இனிப் பேச்சு இல்லை.

உன் கடிதத்தைப் பார்த்துப் பயந்து எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பெரிய வெள்ளியன்று நான் மதுரைக்கு வந்திருந்தேன். நீங்கள் எல்லாரும் கோயிலில் இருக்கும் நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன்னை அங்கே சந்தித்துவிடக்கூடாது என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். தம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தான். என்னென்ன கேட்பானோ என்று எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அண்ணே, நீ தப்பா நினைக்காத. உன் மருந்துல ஒரு குத்தமும் இல்ல. நான்தான் நாக்கை அடக்க மாட்டாமக் கண்டதையும் தின்னு அதைக் கெடுத்துட்டேன். யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லுவேன்" என்றான்.

அவன் என்னைத் திட்டியிருந்தால் கடைசிவரை வாதாடியிருப்பேன், ஆனி. உன்னிடம் வாதாடவில்லையா, அது மாதிரி. குற்றம் உன்னுடையது இல்லையடா என்றுகூட அவனிடம் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். விளாங்குடிக்கு வரவில்லை. வந்திருந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். பஸ் நம் வீட்டுத் தெரு முனையைத் தாண்டித்தான் திண்டுக்கல் ரோட்டில் போனது. விளக்கு எரிந்தது.

அவனிடம் நீ சொல்லிவிடு, பரோட்டா அல்ல காரணம் என்று. நீ சொன்னால் நம்புவான்.

நீ செய்தது சரி. எனக்குத் தெரியும். அதனால் உன்மேல் இருக்கும் கோபம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. நான் தோற்றதைப் பார்த்தவள் நீ, தோற்பதற்கு முன்னாலேயே தெரிந்துவைத்திருந்தவளும் நீ. எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. கொஞ்ச காலத்துக்கு எனக்குக் கடிதம் எழுதாதே.

ஜெசிந்தாவை எழுதச் சொல்.

லூர்து